பொட்டுக்கும் ஓர் இடம் வைத்தவர்

நிலாவெளிக் கிராமத்தில் ஒரு கருவியைத் திருத்திக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எங்கள் பட்டறைக் குமார்தான். “யோகராணி அக்கா விடிய மோசம் போயிட்டா” என்றார். சாவுச் செய்தி கேட்டுக் கண் நிறைந்துவிட்டது. உடனே புறப்பட எழுந்தேன். அக்கா வழக்கமாகச் சொல்வது காதில் கேட்டது: “கையில இருக்கிற வேலையை முடிச்சுப்போட்டு வாங்கோ.” முடித்துவிட்டுத்தான் போனேன்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திருகோணமலையில் அக்கா, குமார், நான் என மூவரும் சேர்ந்து, மீனவர்களின் ஐஸ் பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதியும் கருவி செய்தோம். உப்புத் தண்ணீர் புகாதபடி முற்றாக மூடியது. பதிந்ததை வெளியே எடுக்க, தொலைக்காட்சி ரிமோட்டில் உள்ளது போன்ற அகச்சிவப்புக் கதிர்தான் வழி. அது வந்துபோகும் யன்னலை வடிவமைத்தவர் அக்கா. கண்ணுக்குக் கறுப்பாய்த் தெரியும் பிளாஸ்டிக். கதிருக்குத் தடையே இல்லை.

முதலில் நான்தான், அழகாக இருக்கட்டுமென்று உளுந்தளவில் ஒரு யன்னல் வரைந்தேன். அக்கா கையிலிருந்த, கூம்பாய்ச் சுற்றிய கடலைக் காகிதச் சுருளை நீட்டினார். “கதிரும் இப்பிடித்தான் விரியும். அது பிறக்கிறது அடியில, யன்னல் இருக்கிறது வாயில. வாயைச் சின்னனாக்கினா எல்லாம் உள்ளுக்கே முட்டி நிண்டிடும்.” கடலையை நான் தின்றேன், யன்னலை அவர் பெரிதாக்கினார்.

பிறகு சல்லிக் கிராமத்தில் மீனவர் சங்கத்தாருக்குக் கருவிகளை இயக்கிக் காட்டும் நாள் வந்தது. வேண்டாமென்று திருப்பித் தந்தால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான். ஒரு கருவிகூட வேலை செய்யவில்லை. கதிரைப் பெறும் வாசிப்பானை ஒவ்வொன்றின் முன்னும் நீட்டி நீட்டிப் பார்த்தேன். அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். புதுச் சாமான் என்று சங்கத்தார் காலையில் எல்லாவற்றையும் அம்மன் முன் வைத்துப் பூசை செய்திருக்கிறார்கள். பளபளத்த அந்தக் கறுப்பு யன்னலையே நெற்றியாக எண்ணி, ஒவ்வொன்றிலும் தடிப்பாகச் சந்தனப் பொட்டு!

அக்கா சங்கத்தாரிடம் கேட்டுக்கொண்டு மெதுவாகத் துடைத்தார். எல்லாம் வேலை செய்தன. பொட்டு வைக்கக்கூடாதென்று எழுதி ஒட்டுவோம் என்றேன் நான். அக்கா சம்மதிக்கவில்லை.

“அவையள் ஆசையா வைக்கிறதை வேண்டாமெண்டு சொல்ல ஏலாது. நாங்கள் ஒரு இடம் குடுப்பம்.”

கருவி உறையின் அடுத்த அச்சில் யன்னலுக்கு மேலே விரல் நுனியளவு வட்டப் பள்ளம் ஒன்று இருந்தது. அதன்பின் ஒருவரும் யன்னலில் பொட்டு வைத்ததில்லை.

செத்த வீட்டுக்குச் சங்கச் செயலாளர் படகிலிருந்து நேராக வந்திருந்தார். தூரத்திலிருந்து வந்த உறவினருக்கு, “இது அக்கா செய்தது” என்று ஒரு கருவியைக் காட்டிக்கொண்டிருந்தார். பள்ளத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. யன்னல் துப்புரவாக இருந்தது. பழக்கத்தில் என் பையிலிருந்த வாசிப்பானை அதன் முன்னே நீட்டினேன். முதல் தடவையிலேயே பதிந்ததெல்லாம் வந்துவிட்டது.

போய் வாருங்கள் அக்கா. கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் போகிறீர்கள்.