முடி நிறைய இருக்கும் என்றார்கள்

எண்பதுகளின் கடைசியில், மகளை எட்டு மாதம் சுமந்துகொண்டிருந்தபோது எனக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கின. தடிப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆனால் ஒரு நிமிஷம் உட்கார முடியாது, நிற்க முடியாது. அஸ்தினாபுரம் வீட்டுச் சுவரில் தேய்த்துத் தேய்த்துக் கைத்தோல் வழன்றுவிட்டது.

"குழந்தைக்கு முடி நிறைய இருந்தா அப்படித்தான் அரிக்கும்" என்றார் மாமியார். எனக்கும் அதில் ஒரு பெருமை. டாக்டரிடம் சொல்லவே இல்லை.

ஒரு சாயங்காலம், ஆபீஸ் விட்டு வரும்போது, மின்சார ரயிலின் ஜன்னல் கம்பியில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரே மடியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத பெண், கத்தியை நிறுத்தினாள்.

"உள்ளங்கால்லயும் அரிக்குதா?"

"ஆமாங்க. குழந்தைக்கு முடி நிறைய இருக்குமாம்."

"எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க. முடி நிறையத்தான் இருந்துச்சு. மூச்சுதான் இல்ல."

தாம்பரம் போக வேண்டியவள், என்னோடு குரோம்பேட்டையிலேயே இறங்கி கிளினிக் வாசல்வரை வந்தாள். பேர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், "கல்லீரல்லேருந்து பித்தநீர் குடலுக்குச் சரியா இறங்கல. ரத்தத்துல கலக்குது, அதான் அரிப்பு. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆபத்தும்மா" என்றார். ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து, குறித்த நாளுக்கு முன்பே பிரசவம் பார்த்தார்கள்.

மகள் கிட்டத்தட்ட மொட்டையாகத்தான் பிறந்தாள், வீறிட்டு அழுதுகொண்டு. மாமியாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பள்ளிக்கூடம் போன நாட்களில் அவளுக்கு இரட்டைப் பின்னல். பின்னும்போது அந்தப் பெண்ணின் ஞாபகம் வந்தால் என் கை தானாக இறுகிவிடும். "வலிக்குதும்மா" என்பாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.