முடிந்த வழக்கு

சேத்தூர் மாந்தோப்புக்காக அப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இரண்டு முறையும் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் ஒரு முறையும் தோற்றார். தோப்பைத் தாத்தா பெரியப்பாவுக்கு எழுதிக் கொடுத்தது செல்லும் என்று எல்லா இடத்திலும் ஒரே தீர்ப்புதான். தாத்தா நினைவில்லாமல் கிடந்தபோது கைநாட்டு வாங்கிவிட்டார்கள் என்பது அப்பாவின் கட்சி. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அந்த மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சி வளர்த்தவர் அப்பா என்பது மட்டும் தெரியும்.

மதுரைத் தீர்ப்புக்குப் பின் அவர் மில் வேலைக்குப் போகவில்லை. சோற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடை வாசலில் வந்து நின்றார்.

"புது வக்கீல் கிடைச்சிருக்காரு. பாட்டன் சொத்துல பேத்திக்கும் பங்கு உண்டாம். உன் பேர்ல போடலாம்."

"முடிஞ்ச கேஸுப்பா அது."

"நான்தான தோத்தேன்? நீ இன்னும் தோக்கலையே."

அவர் முகத்தைப் பார்த்தபின் மறுக்க வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் போட்ட அந்த வழக்கு விசாரணை வரைக்கும்கூடப் போகவில்லை. ஏற்கெனவே தீர்ந்த விஷயத்தை மகள் பேரில் மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பெரியப்பாவின் வக்கீல் மனுப் போட்டார். நீதிபதி அதை ஏற்றுத் தள்ளுபடி செய்துவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார். அப்பா எழுந்து, "ஐயா, அந்த மரத்தை ஒரு தடவை வந்து பாருங்கய்யா" என்று கத்தினார். போலீஸ்காரர் அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் பெரியப்பா கம்பை ஊன்றி நின்றிருந்தார். வாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்டிருந்தது.

"ஏலே, காய் எம்புட்டு வேணும்னாலும் பறிச்சுக்கோ. கோர்ட்டுக்கு மட்டும் இழுக்காதல. எனக்கு நடக்க ஏலல."

"எனக்குப் பிச்சை வேண்டாம். தீர்ப்பு வேணும்."

"அதான் வந்துருச்சேல!"

அப்பா பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். பெரியப்பா என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லக்கூடாதாம்மா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அப்பா கேட்டார்.

"உன் தம்பியும் பேரன்தான? அவன் பேர்ல போட்டா?"

"அவனை விட்டுருங்கப்பா. மறுபடியும் தோத்துருவோம்."

"தெரியும்" என்றார். தெரிந்துதான் இவ்வளவும் செய்கிறார்.

ஊரைத் தாண்டும் முன்பே மடவார் வளாகம் நிறுத்தத்தில் பஸ் நின்றது. அவர் எழுந்தார். "இங்க ஒரு வக்கீல் இருக்காராம். செத்த நேரம் பேசிட்டு வாரேன். நீ போ."

சட்டையைப் பிடித்து இழுத்தேன். விடுவித்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டார். அவரைத் தனியே விட்டுப் போகப் பயமாக இருந்தது. கண்டக்டர் விசில் ஊதும் முன் நானும் இறங்கினேன்.