இரண்டு மேஜைகளுக்கு நடுவே

சில வருடங்களுக்கு முன், ஓசூர் சிப்காட்டில் இருசக்கர வண்டிகளுக்குப் பூட்டு செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி ஏற்றினேன், கிருஷ்ணகிரியில் கல் அறுக்கும் பட்டறையில் இருந்தேன், அத்திப்பள்ளியில் வாட்ச்மேன் வேலை பார்த்தேன். எங்கும் நிலைத்ததில்லை. சலித்தால் மறுநாள் போகமாட்டேன், அவ்வளவுதான். கம்பெனிகளும் அப்படித்தான். ஆள் வேண்டாம் என்றால் யாரும் வாயால் சொல்வதில்லை. காலையில் கேட்டில் கார்டைக் காட்டும்போது சிவப்பு விளக்கு எரியும். திரும்பி நடக்க வேண்டியதுதான்.

அங்கே என் வேலை, ரிவெட் அடிக்கும் மேஜையிலிருந்து பூட்டுகளை ட்ரேயில் எடுத்துப் போய், சோதிக்கும் மேஜையில் வைப்பது.

ஒருநாள் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர் ஒருவர் கையில் எழுதும் அட்டையுடன் வந்து நின்றார். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், என்னைவிட இளையவர். யார் எந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. அவரைக் கண்டதும் லைன் லீடர் எங்கள் காதோடு சொன்னார்: “அட்டை வந்துட்ச்சு. மெதுவா செய்ங்கப்பா. வேகத்த காட்டுனா நாளைக்கே டார்கெட்ட ஏத்திடுவாங்க.”

எனக்கு அது ஏறவில்லை. சும்மா நிற்பவனைத்தான் முதலில் அனுப்புவார்கள் என்பது மண்டியில் கண்டது. அதனால் ட்ரேயை நிறைக்காமல், பாதி பாதியாக எடுத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தேன். சட்டை நனைந்துவிட்டது. ரிவெட் மேஜையில் இருந்த அக்கா, “என்னாப்பா, நூத்தியெட்டு சுத்து வேண்டுதலா?” என்று சிரித்தார்.

மறுநாள் கேன்டீனில் அந்த இன்ஜினியர் என் எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு தாளை விரித்தார். இரண்டு மேஜைகளுக்கு நடுவே நூல்கண்டு கலைந்த மாதிரி கோடுகள். அத்தனையும் நான் நடந்தது.

“அண்ணே, நீங்க நடக்கிறதுல பூட்டுக்கு ஒண்ணும் ஆகல. எங்க கணக்குல இது வீண். ரெண்டு மேஜையையும் ஒட்டிப் போட்டா இந்த எடத்துக்கு ஆளே வேண்டாம். ஞாயித்துக்கெழம மாத்தப்போறோம்.”

உழைப்பைக் காட்டுகிறேன் என்று, என் வேலை வேண்டாத வேலை என்பதை நானே நடந்து காட்டியிருக்கிறேன்.

“இத எங்கிட்ட ஏன் மேடம் சொல்றீங்க? கார்டே சொல்லிடுமே” என்றேன்.

“ஒங்க வேலைய எடுக்கது நான். அத நாந்தான சொல்லணும்?” என்றார். தாளை மடித்துக்கொண்டே, “ஸ்டோர்ல ட்ராலி தள்ள ஆள் கேக்காங்க. பேசிப் பாக்கேண்ணே. கெடைக்கும்னு சொல்ல முடியாது.”

ஞாயிற்றுக்கிழமை மேஜைகளை நகர்த்த ஆள் கேட்டார்கள். நானே போனேன். அவரும் ஒரு முனையைப் பிடித்தார். இரண்டும் ஒட்டி நின்றபோது, நான் அத்தனை நாள் நடந்த தரை மேஜைகளுக்கு அடியில் போய்விட்டது.

திங்கட்கிழமை, இருந்த துணிமணியைப் பையில் திணித்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் கேட்டுக்குப் போனேன். கார்டைக் காட்டினேன். பச்சை எரிந்தது. நகராமல் நின்றிருக்கிறேன். பின்னால் இருந்தவர், “உள்ள போப்பா, வெளக்க பாத்துகினே நிக்கிற” என்று தள்ளினார்.

ஸ்டோரில் ட்ராலி தள்ளிக்கொண்டு ஒன்றரை வருடம் இருந்தேன். ஓரிடத்தில் நான் அவ்வளவு நாள் இருந்தது அதுதான் முதல் தடவை. பிறகு வழக்கம்போல் கால் நிலைகொள்ளவில்லை. ஆனால் இந்த முறை சொல்லாமல் வேலையை விட மனம் வரவில்லை. அந்த இன்ஜினியரின் இடத்துக்குப் போய், “நாளையிலருந்து வரலைங்க மேடம்” என்றேன்.

“ஸ்டோர்ல சொல்லிட்டீங்களா?” என்று கேட்டார்.

“மொதல்ல உங்ககிட்ட.”

அதற்குப் பிறகும் எத்தனையோ வேலை மாறிவிட்டேன். ஆனால் அன்று கேன்டீனில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு, எந்த இடத்தை விட்டும் முகத்தைக் காட்டாமல் கிளம்ப என்னால் முடிவதில்லை.