மோரில் கலந்த மாத்திரை

நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி ஒரு மனிதர் செத்துப்போனார்.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்...

எழுபதுகளின் கடைசி. பாலக்கரையில் குடியிருந்தோம். பள்ளி ஆசிரியரான என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைத் தொடமாட்டார். "இங்கிலீஷ் மருந்து உடம்பை உள்ளேயே அரிச்சிடும்" என்பார். லால்குடியிலிருந்து சிறுகுறிஞ்சான் இலை வரவழைத்து, காயவைத்து, நாவல் கொட்டையோடு இடித்த பொடியைக் காலையில் மோரில் கலந்து குடிப்பார். ஆனாலும் ஆள் இளைத்துக்கொண்டே போனார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மாத்திரையை நானே வாங்கி வந்து நுணுக்கி, அந்த மோரில் கலந்தேன். அவருக்குத் தெரியாமல், தினமும்! கசப்போடு கசப்பாகப் போய்விட்டது. அவர் தேறினார். அது தப்பா? அப்படி நினைக்க இன்றும் எனக்கு மனம் வரவில்லை. தப்பு அதற்கப்புறம் வந்தது.

அவர் சும்மா இருப்பாரா? தெருவெல்லாம் பொடியின் புகழ்தான். வருகிறவரைப் பச்சை இலையை மெல்லச் சொல்லி, நாக்கில் சர்க்கரை போடுவார். இனிக்காது, மண்ணாக இருக்கும். "பாத்தீங்களா? நாக்குலயே இனிப்பைக் கொன்னுடுச்சு, ரத்தத்துல விட்டுவைக்குமா?"

அடுத்த வீட்டு காதர் பாய் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு நாள் என்னிடமே கேட்டார்.

"தங்கச்சி, ஸார் சொல்றதை விடுங்க. நீங்க சொல்லுங்க. பொடியாலதான் கொறஞ்சுதா? அப்படின்னா இந்த ஊசியை விட்டுடறேன்."

பக்கத்தில் கணவர் சிரித்துக்கொண்டு நின்றார். உண்மையைச் சொன்னால் இனி என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். மாத்திரையும் நின்றுபோகும்... நான் என்ன செய்வேன்?

"ஆமாங்க பாய்" என்றேன்.

பிறகாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லத்தான் போனேன்! வாசலிலேயே பாய், "பொடி நல்லா கேக்குது தங்கச்சி" என்று முகமெல்லாம் சிரிப்பாக... திரும்பி வந்துவிட்டேன்.

சில நாளில் நினைவு தப்பிய பாயை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். உயிரோடு திரும்பவில்லை.

அடக்கத்துக்குப் போய்வந்த என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பாய் ஒழுங்கா பொடி சாப்பிட்டிருக்க மாட்டாரு."

மறுநாள் காலை மோர் கேட்டார். மாத்திரையை நுணுக்கிக் கலந்தேன்.