என் விறகுவெட்டிக்கு மனைவி இல்லை

மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, கம்பளை டவுனில் சொந்தமாக இரும்புக்கடை போட்டவன் நான். யாருடைய தயவும் இல்லாமல் வந்தவன் என்று எந்தக் கூட்டத்திலும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

போன மாதம் பேத்தியின் நர்சரிக்கு என்னையும் புடவைக்கடை ஹாஜியாரையும் கூப்பிட்டார்கள். விறகுவெட்டி ராஜாவான கதையை இருவரும் அவரவர் வீட்டில் சொல்கிற மாதிரியே சொல்ல வேண்டும்; பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். ஹாஜியாரை நான் மிஞ்சுவதைப் பார்க்கட்டும் என்று மனைவியையும் கூட்டிப்போய்ப் பின்வரிசைக் கதிரையில் உட்கார வைத்தேன். என் விறகுவெட்டி தனியாகவே புலியை அடித்தான், தனியாகவே கோட்டை கட்டினான். கைதட்டல் எனக்குத்தான் பலம்.

"ரெண்டு கதைக்கும் என்ன வித்தியாசம்?" என்று டீச்சர் கேட்டார்.

"ஹாஜியார் கதையில பொண்டாட்டிதான் கோடரியத் தீட்டிக் குடுக்கிறா. இந்தத் தாத்தா கதையில பொண்டாட்டியே இல்ல" என்றாள் ஒரு சின்னவள்.

என் பேத்தி சும்மா இருக்கவில்லை. "எங்க தாத்தா கதை எல்லாம் அப்படித்தான் டீச்சர். கடை போட்ட கதையிலயும் பாட்டி வரமாட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி கொழுந்து பறித்துச் சேர்த்த காசில்தான் அந்தக் கடையே வந்தது. எனக்குத் திரும்பிப் பார்க்க முகமில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "இனிமே உன்னையும் சேர்த்துச் சொல்றேன்" என்றேன்.

"வேணாங்க. நீங்க சொல்லிச் சொல்லி, நான் இருந்ததே இல்லைன்னு எனக்கே நம்பிக்கை வந்திருச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.