நான் ஊதாத மூச்சு

கண்டாவளையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆறு சனிக்கிழமைகள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஒருவர் சைக்கிளில் வந்து முதலுதவி படிப்பித்தார். கடைசிச் சனி, தண்ணீரில் தாழ்ந்தவருக்கு மூச்சுக் கொடுப்பதைச் சொல்லித் தந்தார். தலையைப் பின்னால் சரித்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கே வெட்கம் வந்துவிட்டது.

சோதனையில் நான்தான் முதலாவது. எனக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் தம்பியைப் பாயில் கிடத்தி நாள்தோறும் செய்து காட்டுவேன். அரிசி புடைத்தபடி அம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

"அவன்ரை மூக்கு சிவந்துபோச்சு, விடடி."

ஒரு நாள் பகல், எங்கள் வயலில் களை பிடுங்க வந்தவளின் நாலு வயது மகன் வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டான். அம்மாதான் கண்டு இழுத்து வரம்பில் போட்டார். அவனுக்கு மூச்சில்லை. தாய் வயலின் மறுகோடியில் நின்றாள். பக்கத்தில் நான் மட்டும்.

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? படிச்சனியெல்லே, செய்யடி!"

குனிந்தேன். மூக்கைப் பொத்தினேன். சளியும் சேறுமாக அவன் வாய் திறந்து கிடந்தது. அவர்கள் எங்கள் குசினிக்குள் வராதவர்கள். அவர்கள் தொட்ட செம்பைச் சாம்பல் போட்டு விளக்காமல் அம்மா எடுக்கமாட்டார். என் வாய் அவன் வாய்க்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினார். முந்தானையால் அந்த வாயைத் துடைத்தார். தம்பியில் நான் காட்டியபடியே ஊதினார், மறுபடி மறுபடி ஊதினார். கடைசியில் அவன் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான்.

தாய் தலைவிரிகோலமாக ஓடிவந்து பிள்ளையை வாரிக்கொண்டாள். "நாச்சியார், ஆர் என்ரை பிள்ளையை..."

அம்மா என்னைக் காட்டினார். "இவள்தான். பள்ளிக்கூடத்திலை பழகினது."

அவள் என் காலில் விழுந்தாள்.

பின்னேரம் ஐயாவுக்கு, என் தகப்பனாருக்கு, செய்தி வந்தது. அவர் முகம் இருண்டது. பிறகு, "சரி, சின்னப் பிள்ளைதானே, படிப்பிச்சதைச் செய்தவள்" என்று விட்டுவிட்டார். திங்கட்கிழமை தலைமை ஆசிரியர் என்னை மேசையில் ஏற்றி எல்லாரையும் கைதட்ட வைத்தார். ஒவ்வொரு பாலைப்பழக் காலத்திலும் அந்தப் பெண் எனக்கென்று ஒரு பெட்டி பழம் கொண்டுவந்து வாசல் படலையடியில் வைப்பாள். வெட்கமில்லாமல் தின்றேன்.

என் குற்றத்தை மறைக்கத்தான் அம்மா பொய் சொன்னார் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். ஊதியது அம்மா என்று தெரிந்திருந்தால் ஐயா என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்க அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.