யாரும் கூப்பிடவில்லை

ஆலைக்குப் புதிதாக வந்த ஜப்பான் இயந்திரத்தைப் பழகிக்கொள்ள என்னை அந்த நாட்டுக்கே அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவே வழியனுப்ப வந்தது. டேப்ரெக்கார்டர் வாங்கி வரச் சொல்லாதவள் என் மனைவி ஒருத்திதான்.

"அந்த ஊர்ல இன்னா துன்றாங்களோ, அதுல கொஞ்சம் வாங்கிக்கினு வாங்க. எப்டியாப்பட்ட ஊருன்னு தெரிஞ்சிக்கிறேன்" என்றாள். விழுப்புரத்தைத் தாண்டாதவள்.

பழகி முடித்து ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் கியோட்டோவில் ஒரு பழைய கடைத்தெருவுக்குப் போனேன். சாப்பாட்டுச் சாமான் மட்டுமே விற்கும் குறுகலான தெரு. நுழைந்ததுமே என் மூக்கு கருவாட்டைக் கண்டுபிடித்துவிட்டது. கடைக்கார அம்மாள் விலையை எழுதிக் காட்டினார். நான் அதில் பாதியை எழுதிக் காட்டினேன். அவர் குனிந்து வணங்கினார். சரி, வழிக்கு வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் சந்தையில் அடுத்துச் செய்வது ஒன்றுதான், நடையைக் கட்டுவது. பத்தடி போவதற்குள் கூப்பிட்டு விடுவார்கள். நானும் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தேன். தெருக்கோடியே வந்துவிட்டது. திரும்பி, வேறு வேலையாகப் போகிறவன் போல அதே கடையைத் தாண்டினேன். அவர் மறுபடியும் வணங்கினார். சாயங்காலம் வரை இதே கதைதான். கடை சாத்தும் நேரத்தில், பேரத்தில் புலியான நான், அவர் எழுதிய விலைக்கே வாங்கினேன்.

ஊர் திரும்பினால் இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் உளுந்தூர்பேட்டையோடு நின்றுவிட்டது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மறியலில் இருந்தவர்கள் பெட்டியில் என்ன நாற்றம் என்று விசாரித்தார்கள். ஜப்பான் கருவாடு என்றேன். வெயில் தலைக்கேறிவிட்டது என்று குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

ஒரு வாரமாகச் சந்தை கூடாததால் வீட்டில் காய் எதுவும் இல்லை. மனைவி கருவாட்டைக் கழுவிப் புளிக்குழம்பில் போட்டாள். ஆசையாக ஒரு வாய் வைத்தவள் முகம் வாடிவிட்டது.

"நம்ம கொழம்பாட்டமேதான் கீது" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சமாதானமாகி, என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "உடுங்க. அந்தத் தெருவுல வேற இன்னா இன்னா விக்கிறாங்க? அதையாச்சும் சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். அத்தனை தடவை நடந்தும், எனக்குப் பின்னாலிருந்த அந்த ஒரு கடையைத் தவிர எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"நீளமான தெரு" என்றேன்.